லீவில் ஏறின எடை

வேன் ஆடுகிற வரைக்கும் கவலை இல்லை. சோலைராசு இதை மனசுக்குள் எத்தனையாவது தடவையாகச் சொல்லிக்கொள்கிறானோ, அவனுக்கே தெரியாது. காம்பவுண்டுச் சுவர் விட்ட ஒரு முழ நிழலில், கவிழ்த்துப்போட்ட பெயிண்டு டப்பாமேல் உட்கார்ந்து வேனையே பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் வேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன். லீவு விட்டதிலிருந்து வீட்டை ஒட்டின காலிமனையில் வேலைவெட்டி இல்லாமல் வெயிலில் கிடந்து காய்கிறது. அதற்குள்ளேதான் அவன் மகள் சுபிக்ஷா, தடிச் சட்டை ரெண்டு, அதற்கு மேலே ரெயின்கோட்டு, தலையில் அதன் குல்லாய் எல்லாம் மாட்டிக்கொண்டு, உட்கார்வதும் எழுவதுமாக இருக்கிறாள். கண்ணாடியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஊரான் எவனும் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று உள்பக்கம் பேப்பரும் ஒட்டியாகிவிட்டது. அவள் உட்கார்ந்தால் வேன் கொஞ்சம் சாயும், எழுந்தால் நிமிரும், அடியில் ஸ்பிரிங் பட்டை ஒரு கிரீச்சுச் சத்தம் கொடுக்கும். இந்தச் சத்தத்தை இத்தனை வருசமாகக் கேட்டவன், கிரீசு போடணும் போடணும் என்று தள்ளிப்போட்டவன், இன்றைக்கு அது நின்றுவிடக் கூடாதே என்று காதைத் தீட்டி உட்கார்ந்திருக்கிறான். உள்ளே போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள். "நான் தட்டுனாத்தான் திறக்கணும்ப்பா. பாவம்னு நெனச்சு நடுவுல திறந்தீங்க, காத்து பட்டு வேர்வை அடைச்சுக்கிரும். பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும்." சரிம்மா என்றான். அது போதாது அவளுக்கு. "எந்தலைல கைய வச்சுச் சொல்லுங்க." வைத்தான், சொன்னான். அந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. ஓடுகிற வண்டியில் எல்.கே.ஜி. வாண்டு எதுவும் திறந்துகொண்டு விழுந்துவிடக் கூடாதென்று அவன்தான் திருப்புளியை எடுத்துக் கழற்றினான். நல்லதுக்குத்தான் கழற்றினான். எல்லாப் பெற்றோரும் அதைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டினார்கள். வேன் ஆடியது. ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

எல்லாம் நாளைக் காலைக்காக. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. பிரேயருக்கு மணியடிக்கும் முன்னாலேயே பி.டி. ரூம் வாசலில் பிரிட்டோ சார் எடைமிசினைத் தூக்கிப் போட்டுவிடுவார். குஸ்திப் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக ஏறி இறங்கணும். லீவு விடுகிற அன்றைக்கே அவர் சொல்லிவிட்டாராம், குஸ்தி மெத்தையில் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, சத்தம்கூடப் போடாமல்: சீசன்ல எல்லாரும் ஒழுங்கா இருப்பீங்க, லீவுல எப்படி இருக்கீங்கன்னுதான் நான் பாப்பேன். தினமும் ஓடணும். தினமும் எடை பார்த்து அந்த முள்ளைப் போட்டோ எடுத்து குரூப்பில் போடணும். அவரவர் எடையில்தான் திரும்பி வரணும். சார் நல்ல மனுசன், அதிலே குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கைக்காசு போட்டு முட்டை வாங்கித் தருவார், வெளியூர் மேட்சுக்குப் போனால் பொம்பளைப் பிள்ளைகள் ரூம் வாசலில் அவர் வீட்டம்மாவைப் படுக்கவைப்பார். பிள்ளைகளை ஒரு வார்த்தை திட்டினதில்லை. திட்டினால் பரவாயில்லையே. போட்டோவில் எடை சரியாக இருந்தால் கட்டைவிரல் ஒன்று தூக்கிக் காட்டுவார். கூடியிருந்தால் ஒன்றும் காட்டமாட்டார். அவ்வளவுதான். மற்ற பிள்ளைகள் போட்டோவுக்கெல்லாம் கட்டைவிரல் வரிசையாக வந்து விழும், இவள் போட்டோவுக்கு மட்டும் எதுவும் வராது. அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு இவள் சோற்றுத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். மே மாசம் பூராவும் அப்படித்தான் போயிற்று. தங்கேஸ்வரி, அவன் பெண்டாட்டி, மில்லிலிருந்து வந்து பஞ்சு ஒட்டின தலையோடு நின்று, "சோறு ஆறுதுடி" என்பாள். "ஆறட்டும்" என்பாள் இவள். அப்புறம் அந்தச் சோறு காக்காய்க்குப் போகும். நேற்று சாயங்காலத்திலிருந்து தண்ணிகூட இல்லை. வாயில் புளியங்கொட்டை அளவு புளியை அடக்கிக்கொண்டு, ஊறுகிற எச்சிலை ஒரு பாட்டிலில் துப்பிக்கொண்டே திரிந்தாள். எச்சிலும் எடைதானாம். இன்றைக்கு தங்கேஸ்வரிக்கு ஞாயிற்றுக்கிழமை சிப்டு. அவள் இருந்திருந்தால் இந்த வேன் கதை நடந்திருக்காது. அவள் போகட்டும் என்றுதானே காத்திருந்தார்கள், அப்பனும் மகளுமாக.

நாற்பத்தொன்பது கிலோ. அதுதான் இவள் எடைப்பிரிவு. அதற்கு மேலே போனால் அடுத்த எடைப்பிரிவு, அதில் நிலோஃபர் இருக்கிறாள். அந்தப் பிள்ளை ஸ்டேட்டில் மெடல் வாங்கினவள், இவளைவிடக் கை நீளம், பிராக்டிசில் இவளை ரெண்டு காலையும் சேர்த்துப் பிடித்துக் கவிழ்க்கிறதை அவனே பார்த்திருக்கிறான். ஒரு எடைக்கு ஒரு ஆள்தான், பள்ளிக்கூடத்துக்கு. ஆகவே நாற்பத்தொன்பதில் இருந்தால் ஆள், ஐம்பதானால் வேடிக்கை பார்க்கிறவள். போன வருசமும் இப்படித்தான். மாவட்டப் போட்டி அன்றைக்குக் காலையில் மிசினில் ஏறினாள், முள் கொஞ்சூண்டு தாண்டி நின்றது. ஓடினாள், மறுபடி ஏறினாள், நின்றது. பாத்ரூமுக்குள் போனவள் திரும்பி வரும்போது தலையில் சடை இல்லை. தங்கேஸ்வரி வாரத்துக்கு ஒருநாள் எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, இடுப்பு வரைக்கும் வளர்த்த முடி. கத்தரித்துக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து மிசினில் ஏறினாள். அப்போதும் முள் இறங்கவில்லை. அந்த முடியை அவனிடம் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. அவனுக்குத்தான் வந்தது. ஏனென்றால் முந்தின நாள் மதியம், "ஒரு எளநி குடிச்சா என்ன குறைஞ்சிரும், குடிம்மா" என்று பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சிக் குடிக்கவைத்தவன் அவன்தான். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டாமல் ஒரு மாசம் அவனோடு பேசாமல் இருந்தாள். வேனில் அவனுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருகிறவள், பின்னால் வாண்டுகளோடு போய் உட்கார்ந்துகொண்டாள். பெற்ற பிள்ளை பின்சீட்டிலிருந்து கண்ணாடியில் தன்னையே பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது எதிரிக்கும் வரக் கூடாது. அதனால்தான் இன்றைக்குத் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னபோது மறுக்கமுடியவில்லை. தன் பாசம் அவளுக்கு விஷம் என்று அவன் மனசில் எங்கேயோ பதிந்துபோயிற்று.

வேனின் ஆட்டம் நின்றிருந்தது. எப்போது நின்றது? நினைப்பு எங்கோ பஸ்ஸில் போய்க்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. சோலைராசு டப்பாவிலிருந்து பாதி எழுந்தான். எழுந்தவன் அப்படியே உட்கார்ந்தான். நடுநடுவுல உக்காந்துக்குவேன்ப்பா என்று சொல்லித்தானே இருக்கிறாள். காலைமுதல் ஓடின பிள்ளை, கால் வலிக்காதா. உட்கார்ந்திருப்பாள். வேர்க்கிறதுக்கு ஆடவேண்டியதில்லை, சும்மா உட்கார்ந்தாலே வேர்க்கும், இந்த வெயிலுக்கு வெளியே நிழலில் இருக்கிற அவனுக்கே முதுகில் ஓடுகிறது. இப்போது எழுந்து ஆடுவாள். இதோ. இல்லை, இதோ. முன்பக்கக் கண்ணாடியில், பேப்பர் கொஞ்சம் விலகின ஓரத்தில், ஆரம்பத்தில் ஆவி பூத்துச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது அந்த இடம் காய்ந்து தெரிகிறது. அது வெயில் திரும்பினதால் இருக்கும். மிருகம்கூட இப்படித் தன் குட்டியை அடைத்துவைத்துக் காவல் இருக்காது, நீ என்னடா மனுசன் என்று மனசின் ஒரு பக்கம் கேட்டது. இன்னொரு பக்கம் உடனே, இப்படிப் பாவம் பாத்துத்தானே போன வருசமும் எளநி குடுத்த என்றது. அவள் சட்டைப்பையில் வைக்கச் சொல்லிக் கொடுத்த போன் அவன் நெஞ்சில் விர்ரென்று அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். குரூப்பில் யாரோ ஒரு பிள்ளை மிசின் முள்ளைப் போட்டிருக்கிறாள், அடியிலேயே கட்டைவிரல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த மனுசனும் தூங்கவில்லை. போனை உள்ளே வைத்துவிட்டு, சரி, மெதுவாகப் போய்க் காதை வைத்துப் பார்ப்போம், திறக்கவேண்டாம், காதை மட்டும் வைப்போம் என்று அவன் எழுந்த நேரம் பார்த்து, குடையைப் பிடித்துக்கொண்டு கண்ணாயிரம் அண்ணாச்சி மனைக்குள் வந்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர், கரண்டாபீசில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

"என்ன சோலை, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா வேனுக்குக் காவல் இருக்க?"

"நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்குதுல்ல அண்ணாச்சி." வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போயிற்று. "சீட்டுக்கு அடியில ஒரே கரப்பான். மருந்தடிச்சு அடைச்சு வச்சிருக்கேன்."

"அதானே பாத்தேன், பேப்பரெல்லாம் ஒட்டிக் கெடக்கு. அப்ப அவசரப்பட்டுத் திறந்துறாத. நல்லா ஊறட்டும். பாப்பா எங்க, சத்தத்தையே காணோம்?"

"உள்ள தூங்குறா."

"தூங்கட்டும் பாவம். நாளையிலருந்து அதுக்கு எங்க தூக்கம்."

உள்ளே என்று சொன்னது வீட்டுக்குள்ளே என்று அண்ணாச்சி எடுத்துக்கொண்டார், எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் சோலைராசும் சொன்னான். அண்ணாச்சி குடையை மடக்கிச் சுவரில் சாத்தினார். அப்படியென்றால் போகிற எண்ணம் இல்லை. முழங்கால் வலியில் ஆரம்பித்தார். மதுரையில் ஒரு டாக்டர் ஊசி போட்டால் போதும் என்கிறார், இன்னொரு டாக்டர் முட்டியையே மாற்றணும் என்கிறார், யாரை நம்புகிறது சொல்லு. சோலைராசு ம் போட்டான். வேன் ஆடவில்லை. இப்போது போய்க் கதவைத் திறந்தால் என்ன ஆகும்? கரப்பானுக்கு மருந்தடித்த வண்டிக்குள்ளிருந்து ரெயின்கோட்டு போட்ட பொம்பளைப் பிள்ளை இறங்குவாள். அண்ணாச்சி பார்ப்பார். அண்ணாச்சி பார்த்தால் தெருவே பார்த்த மாதிரி. பெத்த பிள்ளைய வெயில்ல வேனுக்குள்ள பூட்டி வச்சிருக்கான், கேட்டா பொய் சொல்றான் என்று சாயங்காலம் மில் கேட்டிலேயே தங்கேஸ்வரி காதுக்குப் போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. சத்தியம். அவள் தலையில் வைத்த கை. மீறினால் யாருக்கு என்ன ஆகுமென்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், மீறினவனுக்கு ஒன்றும் ஆகாது, தலை யாருடையதோ அவர்களுக்குத்தான் ஆகும். படித்த பிள்ளை, இதையெல்லாம் நம்பாதவள், அப்பன் நம்புவான் என்று தெரிந்துதானே அந்த இடத்தில் பிடித்தாள். குஸ்தியில் எங்கே பிடித்தால் ஆள் நகரமாட்டான் என்று கற்றுக்கொண்டு வந்தவள். அண்ணாச்சி முட்டியைத் தட்டிக்காட்டினார். இந்த இடத்துல வலி, அப்புறம் இங்க வருது. ம். தட்டுவாள். பத்தாங்கிளாசில் நல்ல மார்க்கு எடுத்தவள், மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் தட்டத் தெரியாதா. மயக்கம் வந்த பிறகு எப்படித் தட்டுவாள்? அந்த நினைப்பு வந்து நின்றது. அதைத் தாண்டி வேறு எங்கேயும் போகமுடியவில்லை. முழங்கால், மதுரை, ஊசி, மயக்கம் வந்த பிறகு எப்படித் தட்டுவாள். சத்தியம், தங்கேஸ்வரி, பின்சீட்டுக் கண்ணாடி, மயக்கம் வந்த பிறகு எப்படித் தட்டுவாள்.

ஏறின எடை கொழுப்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அது கொழுப்பே இல்லை. அதுதான் அவனுக்கு இப்போது, இந்த நேரம் பார்த்து, புரிகிற மாதிரி இருந்தது. போன வாரம் யூனிபார்மைப் போட்டுப் பார்த்தபோது பேண்டு கணுக்காலுக்கு மேலே நின்றது. தங்கேஸ்வரி மடிப்பைப் பிரித்துவிட்டாள், பிரித்தும் எட்டவில்லை. தோள் சட்டையில் இறுக்கினது. வளர்ற பிள்ள, என்னத்தப் போட்டு வளராம இருக்கச் சொல்றது என்று தங்கேஸ்வரி நூலைக் கடித்துக்கொண்டே சொன்னாள், பெருமையாகத்தான் சொன்னாள். இவளோ கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்தக் கணுக்காலைப் பார்த்த பார்வை, யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரிப் பார்த்தாள். லீவில் அவள் தின்று ஒன்றும் ஏறவில்லை. தின்னாமலே ஏறினது. எலும்பு நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வருசம் உயரமாகிவிட்டாள். அந்த ஒரு வருசத்தைத்தான் ரெயின்கோட்டுக்குள் போட்டு உருக்கப் பார்க்கிறாள், அதற்குத்தான் அவன் சாவிக்கொத்தோடு காவல் உட்கார்ந்திருக்கிறான். எலும்பு எப்படியம்மா வேர்வையில் இறங்கும்? இதை நாளைக்கே போய் பிரிட்டோ சாரிடம் கேட்கணும். சார், வளர்ற பிள்ளைங்க சார், லீவுல வளந்துட்டா என்ன சார் பண்றது. நல்ல மனுசன், யோசிப்பார். ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை? கேட்டால் எம்மகளை விட்டுருவாரோ என்ற பயம்தான், வேறென்ன. வேன் டேஷ்போர்டில் அவள் கப்பு வாங்கின பேப்பர் படத்தை ஒட்டிவைத்து ஏறுகிற பெற்றோருக்கெல்லாம் காட்டினவன்தானே. நாளைக்கு எஸ்.ஐ. ஆகிருவா சார் என்று சொன்னவன்தானே. அவள் தலையில் அந்த எண்ணை சார் ஒருத்தர் மட்டும் ஏற்றவில்லை.

அண்ணாச்சி எதையோ சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே நகர்ந்து, வழக்கம்போல வேன்மேல் ஒரு கையை ஊன்றப் போனவர், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஏ யப்பா, தோசக்கல்லால்ல கெடக்கு. இதுக்குள்ள கரப்பான் என்ன, யான இருந்தாலும் செத்துரும்."

சோலைராசு அப்போதுதான் எழுந்தான். நேராகப் போய்க் கதவைத் திறந்திருக்கணும். திறக்கவில்லை. தட்டினான். உள்ளேயிருந்து அவள்தானே தட்டணும், தான் தட்டினால் அது சத்தியத்தில் சேராது என்று அந்த நேரத்திலும் ஒரு கணக்கு. விரலை மடக்கி மெதுவாகத் தட்டிவிட்டுக் காதை வைத்தான். தகரம் காதைச் சுட்டது. "சுபி" என்றான். "ஏம்மா சுபி." தன் சொந்த வேனைத் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவனை அண்ணாச்சி வாயைத் திறந்தபடி பார்த்தார், அப்புறம் ஒட்டின பேப்பரைப் பார்த்தார், அவர் முகம் மாறினது. "எலே, யாருடா உள்ள?" என்றார். சோலைராசு கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். கதவு பாதியில் சிக்கிக்கொண்டது, எப்போதும் சிக்குகிற இடம்தான், காலை ஊன்றி இழுத்தான், வந்தது. உள்ளேயிருந்து அனல் மூஞ்சியில் அடித்தது. ரப்பர் வாடை, வேர்வை வாடை, புளி வாடை.

ரெண்டு சீட்டுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகு சீட்டில் சாய்ந்திருந்தது, குல்லாய் கண் வரைக்கும் இறங்கியிருந்தது, கண் திறந்திருந்தது. திறந்திருக்கு, கண் திறந்திருக்கு என்று அவன் நெஞ்சு ஒருமுறை குதித்தது. கோபப்படுவாள், படட்டும். ஒரு மாசம் பேசமாட்டாள், ஒரு வருசம்கூடப் பேசாமல் இருக்கட்டும். குனிந்து கன்னத்தைத் தொட்டான். காய்ந்திருந்தது. நெற்றி, கழுத்து, குல்லாய்க்குள் ஒட்டக் கத்தரித்த முடி, எங்கேயும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறான், இந்தச் சூட்டை அவன் எந்த உடம்பிலும் தொட்டதில்லை. பின்னால் அண்ணாச்சி தண்ணி தண்ணி என்று கத்திக்கொண்டு முட்டி வலியை மறந்து ஓடுகிற சத்தம் கேட்டது. சோலைராசு அவளைத் தூக்கக் கையைக் கொடுத்தான். அவள் அந்தக் கையை ஒதுக்கினாள். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டியிருக்க, அவன் முகத்துக்கு நேராகப் பார்த்து, மரியாதையாக, நிதானமாகப் பேசினாள்.

"இன்னும் கொஞ்சம்தான் சார். இறங்கிரும் சார்."

"சுபி, அப்பாதாம்மா. நான் அப்பா."

அவள் தலையை ஆட்டினாள். அவன் தோளைத் தாண்டிக் கையை நீட்டி, கைப்பிடி இல்லாத கதவின் விளிம்பைத் தேடிப்பிடித்து இழுத்து மூடப் பார்த்தாள்.

"இல்ல சார், எங்கப்பா வெளிய உக்காந்திருக்காரு. நான் தட்டாம அவரு திறக்கமாட்டாரு சார்."